இதயநோயும் எக்சோசோம்களும்

மட்டக்களப்பிலிருந்து வெளிவரும் மலரொன்றிலே விஞ்ஞானக் கட்டுரை எழுதப் புகுவோர் பாடுமீனைப் பொருளாகக் கொள்ளுதல் வழக்கமாகிவிட்டது. மலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியதும் அதுவே. அதனை விடுத்து, கண்ணுக்கும் செவிக்கும் எட்டாத வேறொன்றைப் பற்றி எழுத நாம் துணிந்தமைக்குச் சென்ற ஆண்டு எமக்கு வந்த கடிதமொன்றே காரணமாகும்.

படுவான்கரையிலிருந்து அக்கடிதத்தை எழுதியவர், எம்மோடு ஒரே வாங்கிலிருந்து பயின்ற அன்பர் ஒருவரின் மனைவியார். அன்பருக்கு ஈராண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்தது. வாய்வென்று எண்ணி, ஓமத்தண்ணீர் குடித்து ஓர் இரவைக் கழித்துவிட்டு மறுநாளே வைத்தியசாலைக்குச் சென்றார். உயிர் தப்பியது, இதயமோ தளர்ந்துவிட்டது. வளவின் படலைவரை நடந்தாலே மூச்சு வாங்குகின்றது. இந்நிலையில், வெளிநாட்டு நகரொன்றிலே 'எக்சோசோம்' என்னும் மருந்தை ஊசிமூலம் ஏற்றி இதயத்தைப் புதுப்பிக்கின்றார்கள் என்று உறவினர் ஒருவர் தொலைபேசியிற் காட்டினாராம். அதற்கு வேண்டிய பணம், வட்டையிலுள்ள நாலு ஏக்கர் வயலை விற்றால் ஒருவாறு தேறுமாம். "அண்ணா, விற்கலாமா வேண்டாமா என்று நீங்கள் ஒரு சொல்லுச் சொல்ல வேண்டும்" என்று கடிதம் முடிந்திருந்தது.

ஒரு சொல்லிற் சொல்லக்கூடிய விடை அதற்கு இருந்தது. ஆயின் அவ்விடைக்குரிய காரணத்தைச் சொல்லப் பல பக்கங்கள் வேண்டியிருந்தன. அப்பக்கங்களே சிறிது திருத்தப்பெற்று இங்கே கட்டுரையாகின்றன.

மனித இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கின்றது. இவ்வளவு வேலை செய்யும் தசைக்கு வேண்டிய ஒட்சிசனைக் கொண்டுசெல்வன முடியுரு நாடிகள். அவற்றுள் ஒன்றிலே படிந்துள்ள கொழுப்பு வெடித்து, அவ்விடத்திலே குருதி உறைந்து வழியை அடைத்துக்கொள்வதே மாரடைப்பு. அடைப்பிற்கு அப்பாலுள்ள தசைக் கலங்கள் அரைமணி நேரமளவில் மடியத் தொடங்குகின்றன. நேரஞ் செல்லச் செல்ல அம்மடிவு இதயச் சுவரின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கிப் பரவுகின்றது. இடது இதயவறையில் 200 முதல் 400 கோடி தசைக் கலங்கள் உள. பெரியதொரு மாரடைப்பிலே அவற்றுள் 100 கோடிவரை சில மணி நேரத்துள் அழிந்துபோகலாம்.

தோலிற் காயம் பட்டாற் புதுத்தோல் வளர்கின்றது. ஈரலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தாலும் எஞ்சிய பகுதி பருத்து அவ்விழப்பை ஈடுசெய்கின்றது. இதயத் தசை அத்தகையதன்று. அஃது எத்துணை மெதுவாகப் புதுப்பிக்கப்படுகின்றது என்பதைக் கண்டறிந்த வழி விந்தையானது. 1950 களிலும் 1960 களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியிலே அணுக்குண்டுகளை வெடித்துச் சோதித்தமையால் வளிமண்டலத்திலே காபன்-14 பெருகிற்று. 1963 ஆம் ஆண்டின் தடை ஒப்பந்தத்திற்குப் பின் அது படிப்படியாகக் குறைந்து வந்தது. ஒரு கலம் தோன்றும்போது அக்காலத்து வளியிலிருந்த காபனின் அளவு அதன் டி.என்.ஏ.யிலே பதிந்துவிடுகின்றது. இப்பதிவை அளந்து இதயக் கலங்களின் வயதைக் கணித்தனர், சுவீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த யோனாஸ் பிரிசென் குழுவினர். 2009 இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, 25 வயதில் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 1 வீதமான தசைக் கலங்களே புதிதாகத் தோன்றுகின்றன. 75 வயதில் அது 0.45 வீதமாகக் குறைந்துவிடுகின்றது. நம் பழைய மாணவருள் அக்காலத்திற் பிறந்தவர்கள் அக்குண்டுகளின் குறிப்பேட்டைத் தம் நெஞ்சிலே சுமந்து திரிகின்றனர் என்பது அவர்களுக்கே தெரியாது.

ஆகவே 100 கோடி கலங்களை ஒரே இரவில் இழந்த இதயம் அவற்றை மீண்டும் ஆக்கிக்கொள்ள வல்லதன்று. இறந்த தசையின் இடத்திலே தழும்பு இழையம் வந்தமைகின்றது. அது சுவரைக் கிழியாது காக்குமேயன்றிச் சுருங்கி விரியாது.

'இல்லாத கலங்களை வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டாலென்ன?' என்பது வைத்தியர்களின் அடுத்த எண்ணம். 2000 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்துச் சத்திரவைத்தியர் பிலிப் மெனாஷே, நோயாளி ஒருவரின் தொடைத் தசையிலிருந்து எடுத்துப் பெருக்கிய இளங் கலங்களை அவருடைய இதயத் தழும்பிலே செலுத்தினார். மறு ஆண்டு, எலும்பு மச்சையின் மூலக்கலங்கள் எலியின் இதயத்திலே தசையாக மாறின என்று அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தது. உலகெங்கும் சோதனைகள் பல்கின. ஆயின் 2004 இல் வேறு இரு குழுவினர் தனித்தனியே ஆராய்ந்து, மச்சைக் கலங்கள் இதயத் தசையாக மாறவில்லை என்று காட்டினர். இத்துறையிற் பெரிதும் பேசப்பட்ட ஆய்வுகூடமொன்றிலிருந்து வெளிவந்த 31 கட்டுரைகள் மீளப்பெறப்படல் வேண்டும் என்று 2018 இல் ஹாவாட் மருத்துவக் கல்லூரி கூறவேண்டிய நிலையும் பின்னர் வந்தது.

இங்கே ஒரு புதிர் எஞ்சி நின்றது. செலுத்தப்பட்ட கலங்களுட் பெரும்பாலானவை சில நாட்களிலே, சில கிழமைகளிலே மடிந்தொழிந்தன. தசையாக மாறவுமில்லை. அவ்வாறிருந்தும் சோதனை விலங்குகளின் இதயம் சிறிது தேறிற்று. இறந்துபோன கலம் எவ்வாறு நன்மை செய்யும்?

இவ்வினாவுக்குரிய விடையின் முதற் கீற்று, இதயத்தோடு ஒரு தொடர்புமில்லாத ஓரிடத்திலே, செம்மறியாட்டின் குருதியிலே, முன்னரே காணப்பட்டிருந்தது. கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் றோஸ் ஜோன்ஸ்டன் அம்மையார் செங்குருதிக் கலங்கள் முதிரும் விதத்தை ஆராய்ந்து கொண்டிருந்தார். இளஞ் செங்கலத்தின் மேற்பரப்பிலே இரும்பை உள்ளே வாங்குவதற்கான புரதங்கள் நிறைய உண்டு. கலம் முதிர்ந்ததும் அவை காணாமற் போகின்றன. எங்கே போகின்றன? வீடு கட்டி முடிந்தபின் சாரக்கட்டை அவிழ்த்து வெளியே போடுவதுபோல, கலம் அவற்றை நுண்ணிய பைகளிலே பொதிந்து வெளியே தள்ளுவதை அம்மையாரும் அவருடைய மாணாக்கரும் 1983 இல் எடுத்துக்காட்டினர். அதே ஆண்டில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரத்து ஆய்வாளரும் இதனைத் தனியே கண்டனர். 1987 இல் அப்பைகளுக்கு ஜோன்ஸ்டன் அம்மையாரின் குழுவினர் 'எக்சோசோம்' என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியிலே 'எக்சோ' என்பது புறம். 'சோமா' என்பது உடல்.

இவை உண்டாகும் விதம் எளிதில் விளங்கத்தக்கது. கலத்தினுள்ளே ஒரு பெரிய பை இருக்கின்றது. அதன் சுவர் உட்புறமாகக் குழிந்து, குழிந்த பகுதி துண்டிக்கப்பட, பைக்குள் சிறு பைகள் பல சேர்கின்றன. பெட்டிக்குள் பெட்டி வைத்து இழைத்த பனையோலைப் பெட்டிகளைப் போல. பின்னர் பெரிய பை கலத்தின் எல்லைச் சவ்வோடு ஒட்டித் திறந்து, சிறு பைகளை வெளியே கொட்டிவிடுகின்றது. ஒவ்வொன்றும் 30 முதல் 150 நனோமீற்றர் அளவினது. 100 நனோமீற்றர் அளவான எக்சோசோம்களை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குப் பத்தாயிரம் வேண்டும். சாதாரண நுணுக்குக்காட்டியில் அவற்றின் வடிவு தெரியாது. இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும்.

பல ஆண்டுகளாக இவற்றைக் கலத்தின் குப்பையென்றே பலரும் கருதினர். 1996 இல் கிராசா ரப்போசோ அம்மையாரும் உடனாய்வாளரும், வெண்குருதிக் கலங்கள் விடும் எக்சோசோம்கள் நோயெதிர்ப்புக் கலங்களைத் தூண்டவல்லன என்று காட்டியபோது அவ்வெண்ணம் ஆட்டங் கண்டது. 2007 இலே சுவீடனின் கோதன்பர்க் நகரத்து யான் லொத்வால் குழுவினர் செய்த சோதனை அதனை முற்றாக வீழ்த்திற்று. எலியின் கலங்கள் விட்ட எக்சோசோம்களை எடுத்து அவர்கள் மனிதக் கலங்களோடு சேர்த்தனர். சிறிது நேரத்தின்பின், மனிதக் கலங்களினுள் எலியின் புரதங்கள் ஆக்கப்பட்டிருந்தன! எக்சோசோமினுள்ளே ஆர்.என்.ஏ. என்னும் கட்டளைச் சரம் இருந்தமையே காரணம். ஒரு கலம் எழுதிய ஓலையை மற்றொரு கலம் பிரித்துப் படித்து அதன்படி நடந்தது. குப்பையென்று ஒதுக்கியது நறுக்கோலையாயிற்று.

இனி இதயத்திற்குத் திரும்புவோம். மடிந்த மூலக்கலம் மடிவதற்கு முன் ஏதேனும் ஓலை விடுத்திருத்தல் கூடுமன்றோ? இதனைச் சோதித்தவர்களுள் நமக்கு அண்மையிலுள்ளவர் சிங்கப்பூரின் லிம் சாய் கியாங் அம்மையார். நெதர்லாந்து வைத்தியர்களோடு சேர்ந்து அவர் செய்த முறை நம் அடுக்களையில் எவருக்கும் விளங்கும். சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டிவிடுகின்றோம். சத்து சோற்றிலேயே இருக்கின்றது என்பது எண்ணம். அவர்களோ மூலக்கலங்களாகிய சோற்றை விலக்கிவிட்டு, அவை வளர்ந்த நீராகிய கஞ்சியை மட்டும் எடுத்தனர். பன்றியின் முடியுரு நாடியை அடைத்து, மீளத் திறக்கும் வேளையில் அந்நீரைச் செலுத்தினர். இறந்த தசையின் அளவு ஏறத்தாழ 60 வீதத்தாற் குறைந்தது. அந்நீரை வடிகட்டிப் பார்த்தபோது, சிறு மூலக்கூறுகள் அடங்கிய பகுதி பயன்படவில்லை. மிகப் பெரிய துணிக்கைகள் அடங்கிய பகுதியே பயன்பட்டது. அத்துணிக்கைகள் எக்சோசோம்கள் என்று 2010 இல் எலிகளில் நிறுவினர். 2013 இல் மேலும் ஒரு படி சென்று, எக்சோசோம்களை உடைத்துச் செலுத்தினாற் பயனில்லை, முழுமையாகச் செலுத்தினால் மாத்திரமே பயனுண்டு என்று கண்டனர். ஓலையைக் கிழித்துக் கொடுத்தால் எவர்தாம் படிப்பார்?

மேற்கூறிய சோதனைகளிலே வாசகர் ஊன்றி நோக்கவேண்டிய சொல் ஒன்றுண்டு. 'மீளத் திறக்கும் வேளையில்' என்பதே அது. மாதக்கணக்காக வரண்டு வெடித்த வயலுக்கு மதகை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வரம்புகள் உடையும் என்பதை நம் வட்டவிதானைமார் அறிவர். இதயமும் அத்தகையதே. ஒட்சிசனின்றித் துடித்துக் கிடந்த கலங்களுக்குத் திடீரெனக் குருதி பாயும்போது, அப்பாய்ச்சலே ஒரு புதிய சேதத்தை விளைக்கின்றது. எக்சோசோம் அங்கே செய்யும் வேலை, தத்தளிக்கும் கலங்களின் சத்திக் குறைவை ஈடுசெய்து, நச்சு ஒட்சியேற்றத்தையும் அழற்சியையும் தணித்து, இன்னும் இறவாத கலங்களை இறவாது காத்தலாகும். இறந்த கலத்தை அஃது எழுப்புவதில்லை. தழும்பைத் தசையாக்கும் என்று சொல்வோர் இச்சோதனைகளைப் படித்தவரல்லர். அன்றிப் படித்தும் மறைப்பவர்.

தழும்பு உண்டானபின் கொடுத்தாற் பயனுண்டா என்பதையும் சிலர் ஆராய்ந்திருக்கின்றனர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் எடுவார்டோ மார்பான் குழுவினர், இதயத்திலிருந்தே எடுத்து வளர்த்த கலங்களின் எக்சோசோம்களைப் பயன்படுத்தினர். அக்கலங்கள் எக்சோசோமை வெளிவிடாதபடி மருந்தினால் தடுத்தபோது அவற்றின் நன்மையும் நின்றுவிட்டது என்று 2014 இல் காட்டினர். 2017 இல் பன்றிகளிற் செய்தபோது ஓர் எச்சரிக்கையும் கிடைத்தது. இதயத் தசையினுள் நேரே ஊசியாற் செலுத்தினால் நன்மை தெரிந்தது. நாடிவழியே செலுத்தினால் தெரியவில்லை. மருந்து ஒன்றே, வழி மாறினாற் பயனும் மாறுகின்றது. கைந்நாளத்தில் ஏற்றப்படும் எக்சோசோம்களிற் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் விரைவிலே வாரிக்கொள்கின்றன என்பதும் பல விலங்குச் சோதனைகளிற் கண்டது. வயலுக்கென்று திறந்த நீர் வழியிலுள்ள பள்ளங்களை நிரப்பிவிட்டு நிற்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

மனிதரிடம் இம்முயற்சி எவ்வளவு தூரம் வந்துள்ளது? இங்கேதான் பாரிஸ் மெனாஷேயை மீண்டும் காண்கின்றோம். 2000 இலே தொடைத் தசைக் கலங்களை நட்ட அவரே, 2014 இலே முளையத்து மூலக்கலங்களிலிருந்து ஆக்கிய இதய முன்னோடிக் கலங்களை ஒட்டுப்போல் இதயத்தின் மேல் வைத்தார். பின்னர், நன்மை செய்வது கலமன்று, அது விடும் சுரப்பே என்று தெளிந்து, தம் இருபதாண்டு முயற்சியின் திசையையே மாற்றிக்கொண்டார். தாம் நட்டதைத் தாமே பிடுங்கிப் பார்க்கும் நெஞ்சுரம் எல்லா அறிஞருக்கும் வாய்ப்பதன்று. யமனாக்கா கண்டு 2012 இல் நோபெல் பரிசு பெற்ற முறையால், முதிர்ந்த கலங்களை மீண்டும் இளமையாக்கி, அவற்றிலிருந்து இதய முன்னோடிக் கலங்களை வளர்த்து, அவை விடும் நுண்பைகள் செறிந்த சுரப்பை மட்டும் சேகரித்தனர். இதயம் விரிந்து தளர்ந்த நோயாளி ஒருவருக்கு, மும்மூன்று கிழமை இடைவெளியில் மூன்று முறை அது நாளவழியே ஏற்றப்பட்டது. அச்செய்தி 2024 இல் வெளிவந்தது. நாளவழியே ஏற்றுவது போதுமா என்பது பன்றிச் சோதனைகளின் பின்னரும் தீராத வினா. ஆயின் அம்முதற் சோதனையின் நோக்கம் மருந்து தீங்கு செய்கின்றதா என்று பார்ப்பதே. குணமாக்குகின்றதா என்பதை நிறுவப் பெருந்தொகையான நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றினர்க்கு மருந்தும் மறு கூற்றினர்க்கு வெறுநீரும் கொடுத்து ஒப்பிடல் வேண்டும். அவ்வாறானதொரு பெருஞ் சோதனையால் எக்சோசோம் இதயநோய்க்கு மருந்தென்று இன்னும் நிறுவப்படவில்லை.

இடையிலுள்ள தடைகளும் சிறியன அல்ல. ஒரு கலத்தொகுதி இன்று விடும் எக்சோசோமும் அடுத்த மாதம் விடுவதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கலத்தின் வயது, உணவு, ஒட்சிசன் என்பவற்றுக்கேற்ப ஓலையின் வாசகம் மாறுகின்றது. குருதியிலும் வளர்ப்பு நீரிலுமுள்ள கொழுப்புத் துணிக்கைகளிலிருந்து அவற்றைத் தூயனவாகப் பிரித்தலும் கடினம். எத்தனை துணிக்கைகள் ஒரு வேளைக்குரிய அளவு என்பதிலே ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வேறுபாடு உண்டு.

நிலைமை இதுவாயிருக்க, எக்சோசோம் என்று பெயரொட்டிய குப்பிகளை விற்கும் தனியார் நிலையங்கள் பல நாடுகளிலே முளைத்துள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலே அத்தகைய பொருள்களை ஏற்றிக்கொண்ட சிலர் கடும் பாதிப்புக்கு உள்ளாகியதன்மேல், அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் 2019 டிசெம்பரிலே பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. தான் அங்கீகரித்த எக்சோசோம் மருந்து ஒன்றேனும் இல்லை என்றும் அது கூறிற்று. குப்பிக்குள் இருப்பது என்ன, எக்கலத்திலிருந்து வந்தது, கிருமி நீக்கப்பட்டதா என்பவற்றை வாங்குவோர் அறிய வழியில்லை. பணம் போவது ஒரு நட்டம்; அப்பணத்தோடு உள்ள மருந்தையும் கைவிடுதல் அதனினும் பெரிய நட்டம். இதயத் தளர்ச்சியுடையோரின் ஆயுளை நீடிக்க வல்லனவென்று ஆயிரக்கணக்கான நோயாளிகளிற் சோதித்து நிறுவப்பட்ட நால்வகை மருந்துகள் இன்று உள. அவை புதுமையான பெயருடையன அல்ல, குளிசைகள்தாம். ஆகவே எவரும் அவற்றின்மேற் கதை சொல்வதில்லை.

அன்பரின் முதல் இரவைப்பற்றியும் சொல்லவேண்டும். எக்சோசோம் ஒருநாள் மருந்தாகி வந்தாலும், அடைபட்ட நாடி திறக்கப்படும் வேளையிலேயே அதற்குப் பெரும்பயன் இருக்கும் என்று சோதனைகள் காட்டுகின்றன. நாடி திறக்கப்படாவிட்டால் ஓலைக்காரன் எவ்வழியாற் செல்வான்? நாடியைத் திறக்கும் மருந்தோ நெடுநாளாகவே நம்மிடம் உண்டு. 1988 இல் வெளிவந்த பெருஞ் சோதனையொன்றிலே, மாரடைப்பென்று ஐயுறப்பட்ட 17,187 பேரை ஆராய்ந்தனர். உறைந்த குருதியைக் கரைக்கும் ஸ்ரெப்ரோகைனேஸ் என்னும் மருந்தும், மலிவான அஸ்பிரின் குளிசையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டோரில், இரண்டும் பெறாதோரைவிட ஐந்து கிழமைக்குள் நேரும் இதய, குருதிக்குழாய் மரணங்கள் 42 வீதத்தாற் குறைந்தன. விரைந்து பெற்றோர்க்கே நன்மை மிகுதி. ஓமத்தண்ணீருக்கு நாம் பகைவரல்லேம். ஆயினும் நெஞ்சின் நடுவே இறுக்கமும், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் நோவும், குளிர்ந்த வியர்வையும் கண்டால் அதனை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் புறப்படுதல் நன்று.

ஒரு காலத்திற் புறப்படுதலே பெரும்பாடாயிருந்தது. படுவான்கரையார் எழுவான்கரைக்கு வரத் தோணியையும் படகுப்பாதையையும் நம்பியிருந்தனர். காற்றுக் கிளம்பினால் வாவி நடுவே காத்திருக்கவும் நேரும். மண்முனைத் துறையிலே 2014 இற் பாலம் திறக்கப்பட்டபின் அவ்வழியின் நிலை மாறியது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் இலவச அம்பியுலன்ஸ் சேவை, 2016 இல் இந்திய உதவியோடு தென்னிலங்கையில் தொடங்கி, பின்னர் நம் மாகாணத்துக்கும் விரிந்தது. அன்பரின் வீட்டிலே அவ்விரவு தொலைபேசி இருந்தது. எவருக்கும் அவ்விலக்கம் நினைவில் வரவில்லை. இம்மலரின் எந்தப் பக்கத்தை மறந்தாலும் அந்நான்கு இலக்கங்களைச் சுவரில் எழுதி வைக்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். பாட்டனாரும் பாட்டியாரும் உள்ள வீடாயின் பெரிய எழுத்திலே எழுதுக.

கடிதத்துக்கு நாம் விடுத்த மறுமொழியின் முதல் வரி, "தங்கச்சி, வயலை விற்கவேண்டாம்" என்பது. எஞ்சிய பக்கங்களை அன்பர் இரு முறை படித்தாராம். குளிசைகளை ஒழுங்காக எடுத்து, உப்பைக் குறைத்து, மாதந்தோறும் கிளினிக்குக்குச் சென்று வருகின்றார். மூச்சு முட்டுவது முற்றாக நீங்கவில்லை. ஆயினும் படலையைத் தாண்டி வாசிகசாலைவரை நடக்கின்றார். பெரும்போகத்துக்கு அந்நாலு ஏக்கரையும் மூத்த மகன் விதைத்திருக்கின்றான். சென்ற கிழமை நாம் அங்கே போயிருந்தபோது, அன்பர் தயிருஞ் சோறும் உண்டுகொண்டே, பாரிஸிலிருந்து புதிதாக ஏதேனும் செய்தி வந்ததா என்று எம்மைக் கேட்டார்.